செல்லப்பிராணிக் கடையில் வேலைக்குச் சேருமுன்

"செல்லப்பிராணிக் கடையில் வேலைக்குச் சேர என்னென்ன தெரிஞ்சிருக்கணும், டீச்சர்?" என்று என் முன்னாள் மாணவி ஒருத்தி அண்மையில் கேட்டாள். தொடக்கநிலை மூன்றிலும் நான்கிலும் என்னிடம் தமிழ் படித்தவள். இப்போது சாதாரண நிலைத் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கால்நடை மருத்துவத் தொழில்நுட்பம் படிக்க வேண்டும் என்பது அவளது விருப்பம். இடையில் கிடைக்கும் சில மாதங்களில் விலங்குகளோடு பழகவும் வேண்டும், கைச்செலவுக்குச் சம்பாதிக்கவும் வேண்டும். ஆள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்து ஒரு கடைக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்காணலுக்குப் பத்து நாள் இருந்தது.

வீட்டில் எதிர்ப்பு. அப்பா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாராம்: "நாய்க்கூண்டு கழுவுறதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?" பிறகு, "உன் தமிழ் டீச்சர் சரின்னு சொன்னா யோசிக்கிறேன்" என்றும் சொல்லியிருக்கிறார். ஆசிரியர்களுக்கு இப்படிச் சில வழக்குகள் தாமாகவே வந்து சேரும்!

நான் விலங்கியல் படித்தவள் அல்லள். தேசியக் கல்விக் கழகத்தில் எனக்குக் கற்பித்தது தமிழையும் தமிழ் கற்பிக்கும் முறையையும்தான். ஆயினும் இந்த வழக்கை நான் உடனே ஏற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு, தொடக்கநிலை நான்கில் படித்த ஒரு சிறுவன் "நான் வளர்த்த செல்லப்பிராணி" என்ற தலைப்பில் கட்டுரை எழுதினான். பிறந்தநாளுக்கு அப்பா ஹேம்ஸ்டர் வாங்கித்தரச் சம்மதித்தாராம். கடையில் இருந்தவர், "ஒன்று மட்டும் வாங்கினால் தனிமையில் வாடும், இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொன்னாராம். இரண்டும் சிரிய வகை. அந்த வகை ஹேம்ஸ்டர் வளர்ந்த பின் தன் இனத்தோடுகூட ஒரே கூண்டில் வாழாது, தனித்தே வாழும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. விற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிறுவன் எழுதியிருந்தான்: "காலையில் எழுந்து பார்த்தேன். ஒன்று இருந்தது. இன்னொன்று பாதி இருந்தது."

அந்த வாக்கியத்தில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

ஆகவே அந்தப் பெண்ணிடம் நான் முதலில் சொன்னது இதுதான்: "கூண்டு கழுவுவதை இரண்டு நாளில் கற்றுக்கொள்வாய். வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது, எதைச் சொல்லக் கூடாது, எப்போது விற்க மாட்டேன் என்று சொல்வது, இவற்றுக்குத்தான் பத்து நாள் வேண்டும்."

சட்டத்திலிருந்து தொடங்கினோம். அதை அவளே தேடிப் படித்தாள். நான் சரிபார்த்ததோடு சரி. முன்பு வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் பார்த்துக்கொண்ட இந்தப் பொறுப்பு, 2019 ஏப்ரல் முதல் தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் உள்ள விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவிடம் இருக்கிறது. கடைக்கு உரிமம் வேண்டும். 16 வயதுக்குக் குறைந்தவருக்குச் செல்லப்பிராணியை விற்கக் கூடாது. வீவக வீட்டில் ஒரு நாய்தான், அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களுள் ஒன்றாக இருக்க வேண்டும். (கலப்பின நாய்களைத் தத்தெடுக்கத் தனித்திட்டம் உண்டு.) பூனைக்கு 1989-இலிருந்து வீவக வீடுகளில் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் உரிமத்துடன் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். முள்ளெலி, உடும்பு போன்ற இகுவானா, சர்க்கரைப் பறப்பான் எனப்படும் சுகர் கிளைடர் ஆகியவற்றை யார் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நட்சத்திர ஆமையும் அந்தத் தடைப் பட்டியலில் இருக்கிறது. இதை அவளது குறிப்பேட்டில் தனியாகக் கட்டம் போட்டு எழுதச் சொன்னேன். தமிழ்நாட்டின் வறண்ட காடுகளிலும் இலங்கையிலும் வாழும் உயிர் அது. ஓட்டின்மீது மஞ்சள் கோடுகள் நட்சத்திரம்போல் விரிந்திருக்கும். அழகே அதற்கு வினையாகிவிட்டது. பயணப்பெட்டிகளில் அடைத்துக் கடத்துகிறார்கள். 2019-இல் அனைத்துலக வணிகத்துக்கு முற்றிலும் தடை விதிக்கப்பட்ட முதல் பட்டியலுக்கு அதை மாற்றினார்கள். "ஊரில் எங்கள் தோட்டத்திலேயே இருந்தது, இங்கே ஒன்று கிடைக்குமா?" என்று நம்மவரே கேட்கக்கூடும் அல்லவா?

2014-இல் திருத்தப்பட்ட விலங்குகள், பறவைகள் சட்டம் இன்னொரு செய்தியைச் சொல்கிறது. விலங்கை வைத்திருப்பவருக்கு அதைப் பேணும் கடமை உண்டு. விலங்குத் தொழில் நடத்துவோர் அக்கடமையில் தவறினால் முதன்முறையே 40,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் விதிக்கலாம். "நாய்க்கூண்டு கழுவுற வேலைக்கு இவ்வளவா!" என்று அவள் வியந்தாள். கூண்டு கழுவாமல் விட்டால்தான் அந்தத் தண்டனை என்றேன்.

அடுத்து மீன். இதில்தான் எங்களுக்கு அதிக நேரம் ஆயிற்று, ஏனெனில் சிங்கப்பூர் வீடுகளில் பிள்ளைகளுக்கு முதலில் வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் மீன்தான். முதலில் இறப்பதும் அதுதான். "ஒரு நாள் வாளியில் தண்ணீர் பிடித்து வை, மருந்து வாடை போய்விடும், பிறகு மீனை விடு" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அவர்கள் காலத்துக்கு அது சரி. குளோரின் மட்டும் கலந்த நீரைத் திறந்து வைத்தால் குளோரின் மெல்ல வெளியேறிவிடும். ஆனால் நம் குழாய்நீரில் கிருமி நீக்கத்துக்காக இருப்பது குளோரமின். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது. அது ஓர் இரவில் போகாது. மனிதருக்குத் தீங்கில்லை, மீனின் செவுளுக்குத் தீங்கு. அதை முறிக்கும் மருந்தை நீரில் கலந்த பிறகே மீனை விட வேண்டும். பாட்டியின் அறிவுரையைப் பின்பற்றிய குடும்பம், மீன் செத்ததும் கடைக்காரர் நோய்மீனை விற்றுவிட்டார் என்று நினைக்கும். கடைக்காரரோ இவர்களுக்கு மீன் வளர்க்கத் தெரியவில்லை என்று நினைப்பார்.

அதோடு முடியவில்லை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட் ஆக்குகிறது. அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்குகிறது. அதனால் தீங்கு குறைவு. நீரை மாற்றி அதைக் குறைத்துக்கொள்ளலாம். இந்த நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியின் வடிகட்டியில் குடியேறிப் பெருக ஏறத்தாழ நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். தொட்டியையும் பத்து மீனையும் ஒரே நாளில் வாங்கிச் செல்பவர், கழிப்பறை இல்லாத வீட்டில் பத்துப் பேரைக் குடிவைப்பவரைப் போன்றவர். (இந்த உவமை அவளுடையது. அறிவியல் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றிருப்பாள் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.) ஆக, நல்ல விற்பனையாளர் முதல் நாள் சொல்ல வேண்டியது, "இன்று தொட்டியை மட்டும் கொண்டுபோங்கள், மீன் அடுத்த மாதம்" என்பதே. பிள்ளை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கையில் அதை ஒரு தந்தையிடம் சொல்லிப் பாருங்கள்!

மற்ற உயிர்களைப் பற்றி விரைவாகவே பார்த்தோம். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளரும். அவற்றைத் தேய்க்க உலர்புல் வேண்டும். காரட் மட்டும் தின்று முயல் வாழ்வது கேலிச்சித்திரத்தில்தான். கினிப் பன்றியின் உடலால் வைட்டமின் சி-யைத் தயாரிக்க முடியாது, நம்மைப்போலவே உணவில்தான் பெற வேண்டும். ஹேம்ஸ்டர் இரண்டு மூன்று ஆண்டுதான் வாழும். ஆனால் உள்ளங்கையில் அடங்கும் செங்காது ஆமை, நன்றாகப் பேணினால் 20, 30 ஆண்டுகூட வாழ்ந்து சாப்பாட்டுத் தட்டளவுக்கு வளரும். வாங்கித்தரும்போது தொடக்கநிலை இரண்டில் இருக்கும் பிள்ளை, அந்த ஆமை மறையும்போது தானே ஒரு பெற்றோராக இருக்கலாம். அலுத்துப்போனவர்கள் நீர்த்தேக்கத்தில் விட்டுவிடுகிறார்கள், விசாக தினத்தையொட்டிப் புண்ணியம் என்று விடுவோரும் உண்டு. வளர்ப்புயிர்களுள் பல அங்கே பிழைப்பதில்லை. பிழைப்பவை அங்கேயே வாழும் உயிர்களின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்கின்றன.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். "கடைக்காரர் சீனர், வாடிக்கையாளர்கள் ஆங்கிலத்தில் பேசுவார்கள், இதில் தமிழ் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். அவளும் கேட்டாள். நான் ஒரு கேள்வி கேட்டேன்: "செல்லப்பிராணி வேண்டும் என்று கேட்பது பிள்ளை, பணம் கொடுப்பது அப்பா. பிள்ளை பள்ளியிலும் அப்பா வேலையிலும் இருக்கும்போது அதற்குத் தீனி போடுவது யார்?" நம் வீடுகள் பலவற்றில் அது பாட்டிதான், அல்லது தாத்தா. கடையில் சொல்லப்படும் அறிவுரை அவர்களைச் சென்றடைவதே இல்லை. எனவே தமிழ்க் குடும்பம் ஒன்று பாட்டியோடு கடைக்குள் வந்தால், பாட்டியைப் பார்த்துப் பேசு என்றேன்.

பேசுவதற்குச் சொல் வேண்டுமே. மரபுச் சொற்களை நாம் வகுப்பில் ஒரு பட்டியலாகச் சொல்லிக்கொடுக்கிறோம். நாய் குரைக்கும், குதிரை கனைக்கும், ஆந்தை அலறும். நாய்க்குட்டி, கோழிக்குஞ்சு, மான்கன்று, அணிற்பிள்ளை. தொல்காப்பியத்தின் மரபியல் இளமைப் பெயர்களை வகுத்துச் சொல்கிறது என்பதையும் ஆசிரியர்கள் அறிவோம். ஆனால் பிள்ளைகள் அவற்றைத் தேர்வோடு மறந்துவிடுகிறார்கள், ஏனெனில் குரைப்பதையும் கனைப்பதையும் யாரிடமும் சொல்ல வேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படுவதில்லை. இவளுக்கு ஏற்பட்டுவிட்டது! குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினாள். செவுள், துடுப்பு, செதில், உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி, தடுப்பூசி, கருத்தடை. உலர்புல் என்று எழுதுமிடத்தில் முதலில் வைக்கோல் என்று எழுதியிருந்தாள். இரண்டும் ஒன்றல்ல. வைக்கோல் நெல்லடித்தபின் எஞ்சும் தாள், அதில் சத்துக் குறைவு. உலர்புல் பச்சையாக அறுத்துக் காயவைத்த புல். முயலுக்கு வேண்டியது உலர்புல். பாட்டியிடம் வைக்கோல் என்று சொன்னால், அவர் பொங்கல் காலத்தில் தேக்காவில் கிடைப்பதைத் தேடிக்கொண்டு போய்விடுவார்.

ஹேம்ஸ்டரின் குட்டியை எலிக்குட்டி என்பதா, எலிக்குஞ்சு என்பதா என்று கேட்டாள். வழக்கில் இரண்டும் உண்டு என்றேன். "அப்போ தேர்வுக்கு?" என்று உடனே அடுத்த கேள்வி. சிங்கப்பூர்ப் பிள்ளை அல்லவா!

பிறகு நடித்துப் பழகினோம். வாய்மொழித் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் அதே முறைதான். நான் வாடிக்கையாளர், அவள் விற்பனையாளர். எட்டு வயது மகனின் பிறந்தநாளுக்கு இரண்டு ஹேம்ஸ்டர் கேட்கும் தந்தையாக முதலில் வந்தேன்.

"ரெண்டு முடியாது, அங்கிள். சண்டை போடும்."

"அதெல்லாம் பழகிடும்மா. அவனுக்கு ரெண்டு வேணுமாம்."

அவள் விழித்தாள். "முடியாது" என்ற சொல்லோடு தொடங்கினால் எதிரில் இருப்பவரும் அதே சொல்லைப் பிடித்துக்கொள்வார். பிள்ளை எதிரில் நிற்கும்போது எந்தத் தந்தையும் தோற்க விரும்பமாட்டார். மறுபடி செய்தோம். மூன்றாம் முறை அவள் பையன் பக்கம் திரும்பினாள்: "தம்பி, இது தனியா இருக்கிறதுதான் இதுக்குப் பிடிக்கும். இன்னொண்ணு வந்தா இதோட வீட்டுக்குள்ள யாரோ புகுந்துட்ட மாதிரி. உன் ரூமை நீ மட்டும் வச்சுக்க ஆசைப்படுவேல்ல, அதுமாதிரி." பிறகு தந்தையிடம், "அங்கிள், ஒண்ணு வாங்குங்க, அந்தக் காசுக்குப் பெரிய கூண்டா எடுத்துக்கலாம்." கடைக்கும் இழப்பில்லை, தந்தைக்கும் மதிப்புக் குறையவில்லை. கட்டுரை எழுதிய அந்தச் சிறுவனின் நினைவு எனக்கு வந்தது. இப்படி ஒருவர் அன்று அந்தக் கடையில் இருந்திருக்கலாம்.

இன்னொரு முறை பச்சைக்கிளி கேட்கும் மூதாட்டியாக வந்தேன். சோதிடம் சொல்லுமா என்று கேட்டதும் அவள் சிரித்துவிட்டாள். நானும்தான். சிராங்கூன் சாலையில் கிளி சோதிடம் பார்த்த முனியப்பனின் 'மணி' என்ற கிளி, 2010 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது காலிறுதி ஆட்டங்கள் நான்கின் முடிவையும் சரியாக எடுத்துக்கொடுத்து உலகப் புகழ் பெற்றது. இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை எடுத்தது, வென்றது ஸ்பெயின். அதுவரை உலகச் செய்தியாளர்கள் லிட்டில் இந்தியாவில் நின்றார்கள்.

தந்தையைச் சந்தித்தது தேக்கா உணவங்காடியில். தேநீர் வாங்கிக்கொடுத்தவர் அவர்தான். நான் கொஞ்சம் ஆயத்தத்தோடு போயிருந்தேன். நாங்கள் அமர்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஓடுவது பஃபலோ சாலை, எருமைச் சாலை. சற்றுத் தள்ளிக் கெர்பாவ் சாலை. மலாயில் கெர்பாவ் என்றாலும் எருமையே. அப்பால் லெம்பு சாலை, லெம்பு என்றால் மாடு. பெலிலியோஸ் சாலையின் பெயருக்குரியவர் கல்கத்தாவிலிருந்து வந்து கால்நடை வணிகம் செய்த யூதர். நம் பிள்ளைகளில் பலர் பிறந்த கேகே மருத்துவமனையின் பெயரிலுள்ள கண்டாங் கெர்பாவ் என்பதற்கு எருமைத் தொழுவம் என்பதே பொருள். 19ஆம் நூற்றாண்டில் ரோச்சோர் ஆற்றையொட்டிய இந்தத் தாழ்நிலத்தில் நீரும் புல்லும் கிடைத்ததால் கால்நடைத் தொழில் இங்கே வேரூன்றியது. அதை நம்பி வந்த இந்தியர் பலர். லிட்டில் இந்தியா உருவானதற்கு அது முக்கியக் காரணம். இதையெல்லாம் சொல்லி, விலங்கு வேலை நமக்குப் புதிதல்ல, தாழ்ந்ததும் அல்ல என்று முடித்தேன்.

அவர் அமைதியாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "எனக்குத் தெரியும் டீச்சர். எங்கம்மாவோட அப்பா மாடு வச்சுப் பால் வித்தவருதான். பள்ளிக்கூடத்துல எங்கம்மா பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்களாம், சாணி நாத்தம்னு. இன்னிக்கும் அம்மா அதைச் சொல்வாங்க. அதனாலதான் வேண்டாங்கிறேன்."

சாலைப் பெயர்களை அடுக்கிக்கொண்டு போன எனக்கு, அதற்கு மறுமொழி சொல்லச் சாலை எதுவும் இருக்கவில்லை. அவர் விலங்குகளை இழிவாக நினைப்பவர் அல்லர், தம் தாய் பட்டதைத் தம் மகள் படக்கூடாது என்று அஞ்சுபவர். அந்த அச்சத்துக்கு வரலாற்றுப் பாடம் மருந்தாகாது. ஆகவே மகளின் குறிப்பேட்டைப் பற்றிச் சொன்னேன். சட்டத்தையும் குளோரமினையும் சொன்னேன். ஹேம்ஸ்டர் வளர்த்த சிறுவனின் கட்டுரையையும், பெயரைச் சொல்லாமல், சொன்னேன்.

"பாதி இருந்ததுன்னா எழுதினான்?" என்று கேட்டார்.

"ஆமாம்."

நெடுநேரம் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். தேர்வு முடிவு வரும்வரை மட்டும், இரவு ஒன்பது மணிக்குமேல் கூடாது, கடிபட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்று மூன்று நிபந்தனைகள் விதித்தார். எனக்கு மூன்றும் நியாயமாகவே பட்டன.

தொடக்கநிலை மூன்றில் இவர்களைப் பொங்கல் காலத்தில் லிட்டில் இந்தியாவுக்குக் கற்றல் பயணமாக அழைத்துச் சென்றிருந்தேன். காட்சிக்கு வைத்திருந்த மாடுகளைப் பார்த்து வகுப்பில் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இவள் மட்டும் வேலிக்குள் கையை நீட்டி மாட்டின் நெற்றியைத் தடவினாள். கையைக் கழுவச் சொல்லி இரண்டு முறை அழைக்க வேண்டியிருந்தது. தந்தையிடம் இதைச் சொல்லவில்லை. பாட்டிக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நேர்காணலில் சட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லையாம். "காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலை என்ன?" என்பதே கடைக்காரரின் முதல் கேள்வி. "செத்த மீன்களை எடுத்து, எந்தத் தொட்டியில் எத்தனை என்று எழுதி வைப்பேன்" என்று சொல்லியிருக்கிறாள். நாங்கள் இதைப் பழகவில்லை, அவளாகவே யோசித்திருக்கிறாள். ஒரு தொட்டியில் மட்டும் எண்ணிக்கை கூடினால் அங்கே நோயோ நீர்க்கேடோ இருக்கிறது என்று பொருள், எழுதி வைத்தால்தான் அது தெரியும். விலங்குகள் கடையில் இறக்கும், அதைப் பார்த்து அழுவாயா என்றும் கேட்டிருக்கிறார். "அழுவேன், எழுதிட்டு அழுவேன்" என்றாளாம்.

சனிக்கிழமை முதல் வேலை. முதல் இரண்டு வாரம் கழுவுவது மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். குறிப்பேட்டை என்னிடம் காட்டினாள். தமிழ் வரிசையில் சில கட்டங்கள் இன்னும் காலியாக இருக்கின்றன. நைட்ரைட் என்பதைப் பாட்டிக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது என்று இருவரும் யோசித்தோம். இப்போதைக்குக் "கண்ணுக்குத் தெரியாத அழுக்கு" என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள்.